சின்னாளபட்டி வரைக்கும்

அய்யம்மாள்: தொண்டை கட்டியிருக்காம். நீயே கேட்டுக்க பேச்சாயி, உங்கண்ணன் தொண்டை என்ன லட்சணத்துல கட்டியிருக்குன்னு.

மொக்கைச்சாமி: ம்க்கும்... ம்க்கும்... பாத்தியா தாயி? வெறும் காத்துதான் வருது.

அய்யம்மாள்: இப்பத்தான் வெள்ளாட்டை விரட்டினாரு. நிலக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

மொக்கைச்சாமி: அது ஆட்டுக்கு. சாமிக்குப் பாடுற தொண்டை வேற.

பேச்சாயி: யண்ணே, விளையாடாத. பொழுது சாய முத்தாலம்மனுக்குக் கரகம் எடுக்கணும். நீ உடுக்கையடிச்சு வர்ணிச்சுப் பாடினாத்தான் எனக்கு அருள் வரும். அருள் வந்து நா உத்தரவு சொன்னாத்தான் கரகம் நகரும். பதினெட்டு வருசமா இப்படித்தானே? திருநா அன்னைக்கு மத்தியானம் வந்து தொண்டைங்கிற!

மொக்கைச்சாமி: வத்தலக்குண்டுல ஒரு ஆளு இருக்கான். நல்லாப் பாடுவான்.

பேச்சாயி: அவன் பழனிக்குப் போயிட்டானாம். நாட்டாமை ரேடியோ செட்டுக்காரனைக் கூட்டியாந்து சாமிப் பாட்டுப் பிளேட்டுப் போடப் போறாராம்.

மொக்கைச்சாமி: போடட்டுமே. ஊருக்குத்தான் கரண்டு வந்திருச்சே.

பேச்சாயி: போடட்டுமா? பிளேட்டுல ஊசி சிக்கிக்கிட்டா, நா விடிய விடிய ஒரே சுத்தாச் சுத்திக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்?

அய்யம்மாள்: நல்லாக் கேளு. போன திருநாளுலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. உடுக்கை பரண்ல கெடக்கு. முந்தி மல்லியப்பூக் கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலதானே திண்டுக்கல்லு போவாரு? இப்பச் சைக்கிள்ல கட்டி மிதிக்கிறாரு, அம்புட்டுத் தூரம்! பஸ்ஸுன்னாலே மனுசனுக்கு வேர்க்குது.

மொக்கைச்சாமி: ஏ புள்ள, போயி சுக்குத்தண்ணி போடு.

அய்யம்மாள்: வீட்டுல சுக்கு ஏது?

மொக்கைச்சாமி: கடையில இருக்கும்ல. மெதுவாப் போயி, மெதுவா வா.

அய்யம்மாள்: அண்ணனும் தங்கச்சியும் என்னையக் கெளப்பி விட்டுட்டுப் பேசப் போறீக. போறேன், போறேன். எனக்கென்ன, கேக்க ஆசையா?

பேச்சாயி: ...மதினி போயிட்டாக. இப்பச் சொல்லு. என்ன கோவம்? எவனும் மரியாதைக் கொறைச்சலாப் பேசினானா?

மொக்கைச்சாமி: கோவமெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லுவியா?

பேச்சாயி: கேளு.

மொக்கைச்சாமி: போன வருசம் நா பாடினது உனக்குக் கேட்டுச்சா?

பேச்சாயி: அருள் வந்தவளுக்கு என்னண்ணே கேக்கும்? எதுக்குக் கேக்குற?

மொக்கைச்சாமி: இல்ல... விடு.

பேச்சாயி: விட மாட்டேன்.

மொக்கைச்சாமி: 'சிறுமலை விட்டிறங்கி, சிலம்பு குலுங்க வா தாயே'ன்னு எடுத்தேனா... அதோட மறந்துபோச்சு.

பேச்சாயி: எது?

மொக்கைச்சாமி: எல்லாம்! அடுத்த அடி வரல. கை பாட்டுக்கு உடுக்கை அடிக்குது, ஊரு சனம் என் வாயையே பாக்குது. ஆத்தா எல்லை எல்லையாத் தாண்டி வரணுமே... எந்த எல்லைன்னு ஞாபகம் வரல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

பேச்சாயி: என்னத்தைச் சொன்ன?

மொக்கைச்சாமி: திண்டுக்கல்லு பஸ் நிக்கிற ஊரு பேரை.

பேச்சாயி: ப்ப்... க்க்கும்!

மொக்கைச்சாமி: சிரிக்காத!

பேச்சாயி: யாரு சிரிச்சா? இருமல் வந்துச்சு.

மொக்கைச்சாமி: கண்டக்டர் கத்துறதை தெனமும் கேட்டுக் கேட்டு மனப்பாடம். பேகம்பூரு தாண்டி வா, தோமையார்புரம் தாண்டி வா, காந்திகிராமம் தாண்டி வான்னு ராகம் போட்டு இழுத்துட்டேன். சின்னாளபட்டியில கூட்டம் ஏறும்ல? அந்த ஞாபகத்துல, 'உள்ள தள்ளி நில்லு தாயே'ன்னும் பாடித் தொலைச்சேன்.

பேச்சாயி: ஆத்தீ! அதுக்குத்தான் நாட்டாமை அழுதாருன்னு ஊரே பேசிச்சா?

மொக்கைச்சாமி: 'நெஞ்சுக்குள்ள வந்து நிக்கச் சொல்றானப்பா'ன்னு துண்டை வாயில வச்சுக்கிட்டுத் தேம்புறாரு. எனக்கு மாலை வேற.

பேச்சாயி: சரி, மறந்துட்ட. மனுசன்தானே? இதுக்கா ஒரு வருசம் சைக்கிள் மிதிச்ச?

மொக்கைச்சாமி: மறந்தது பெருசில்ல தாயி. நீ ஆடினியே!

பேச்சாயி: ஆடினா என்ன?

மொக்கைச்சாமி: பஸ் நிக்கிற எடத்தைச் சொன்னா ஆத்தா வருவாளா? வந்தாள்னா, பதினெட்டு வருசம் நா உருகி உருகிப் பாடினதுக்கு என்ன அர்த்தம்? அந்தக் கண்டக்டரே போதுமே! வரலைன்னா...

பேச்சாயி: வரலைன்னா? சொல்லு.

மொக்கைச்சாமி: வரலைன்னா நீ...

பேச்சாயி: வேசம் போடுறேங்கிற. தீச்சட்டி ஏந்தின கையிண்ணே இது! பாரு, நல்லாப் பாரு!

மொக்கைச்சாமி: அதான் யாருகிட்டயும் சொல்லல. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு உடுக்கையத் தொட மனசு வரல. அவ கேக்கிறான்னு நம்பித்தானே பாடினேன்? இப்ப வாயத் தொறந்தா, ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுறாப்புல இருக்கு.

பேச்சாயி: இரு, வாசலைப் பாத்துட்டு வாரேன்.

மொக்கைச்சாமி: ஏன், என்ன?

பேச்சாயி: மதினி வாராகளான்னு பாத்தேன். கிட்ட வா. இதை யாருகிட்டயாச்சும் சொன்ன, உத்தரவு சொல்றப்ப ஊருக்கு முன்னாடி உன் பேரை இழுத்துருவேன்.

மொக்கைச்சாமி: சொல்லல. ஆத்தா மேல சத்தியம்.

பேச்சாயி: எனக்குக் கேட்டுச்சு.

மொக்கைச்சாமி: எது?

பேச்சாயி: பேகம்பூர்லருந்தே. நீ முழிச்ச முழியப் பாத்தேன். இன்னும் ரெண்டு ஊரு போனா சனம் கண்டுபிடிச்சுச் சிரிச்சிரும்னு, நானாத்தான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு எந்திரிச்சேன்.

மொக்கைச்சாமி: அப்ப... பொய்யா?

பேச்சாயி: பேகம்பூரு பொய். தோமையார்புரம் பொய். காந்திகிராமத்துல காலு வலிச்சுச்சு, அந்த ஆட்டமும் பொய்தான்.

மொக்கைச்சாமி: அடிப்பாவி! அப்ப ஆத்தா வரவே இல்ல...

பேச்சாயி: முழுசாக் கேளு. பதினெட்டு வருசமும் நீ தொண்டையக் காட்டத்தான் பாடின. ஆத்தாளும் வந்தமா போனமான்னு வந்துட்டுப் போவா. அன்னைக்குச் சின்னாளபட்டியில, தாயேங்கிறப்ப உன் குரல் ஒடைஞ்சுச்சு பாரு... அப்பத்தான் நீ அவளைக் கூப்பிட்ட.

மொக்கைச்சாமி: பயத்துல கூப்பிட்டேன் தாயி. சபையில அசிங்கப்படுத்திறாதன்னு.

பேச்சாயி: எதுக்கோ கூப்பிட்ட. அதுக்கப்பறம் நீ எந்தெந்த ஊரைச் சொன்ன, எங்க கொண்டுபோயி நிறுத்தினன்னு... சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே.