பவுடர் மாமா

நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உடனே உட்காரக் கூடாது, ஐயா. நின்றபடியே குதிகாலை ஊன்றி, கால் விரல்களை மேல்நோக்கி மடக்கி, மூச்சை மெதுவாக விட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு கீரனூர் கடைவீதியில் எனக்கே பிடித்துக்கொண்டபோது நான் நடுரோட்டில் மல்லாந்து படுத்து, "ஆத்தா, ஆத்தா" என்று கத்தினேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஓர் அம்மாள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

பெயர் ஆத்மநாதன். குன்றாண்டார்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் பங்குனியில் எங்கள் ஊர்க்காரர்கள் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போவோம். குழுவுக்கு நான்தான் தலைவர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. விசில் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். நான் ஊதினால் நிற்பார்கள், ஊதினால் நடப்பார்கள். கடையில் என்னை யாரும் அப்படி மதித்தது கிடையாது. வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

அந்தப் பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்புப் பவுடர். செல்போனில் ஒருவர் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான் கடைக்கு வரவழைத்தேன். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் என்று நான் சொல்வதைக் கேட்டால் மூன்று பேரும் என் தாய்மாமன் பிள்ளைகள் என்று நினைப்பீர்கள். வியர்வையில் உப்புப் போகிறது, அதனால் கால் பிடிக்கிறது, இதைக் குடித்தால் பிடிக்காது என்று பிரசங்கம் செய்தேன். அப்படியெல்லாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது, பழக்கமில்லாத தசை களைத்துப்போனாலும் பிடிக்கும் என்று திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னார். நான் அவரை நம்பவில்லை. அவர் கடையில் பவுடர் இல்லை.

கீரனூரில் நான் விழுந்த அன்று காலையிலிருந்து அந்தப் பவுடரைத்தான் குடித்திருந்தேன். எல்லோர் கண்ணெதிரிலும் குடித்திருந்தேன் என்பதுதான் சங்கடம். குழுவில் இருந்த சந்தோஷ்குமார் என்னைத் தூக்கிவிடாமல் படம் பிடித்தான். என் மனைவியின் தம்பி ஆனந்தராஜ்தான் வந்து என் காலை மடியில் வைத்து நீவினான். நீவிக்கொண்டே, "மச்சான், பவுடரு காலுக்குப் போகாம தலைக்குப் போயிருச்சு போல" என்றான். அந்த வீடியோவைப் பார்த்தால் முதலில் என் அலறல் கேட்கும், பிறகு இந்த வசனம், பிறகு ஊரே சிரிக்கிற சத்தம். அன்றிலிருந்து எனக்குப் பவுடர் மாமா என்று பெயர். மாத்திரை வாங்க வருகிற பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனந்தராஜ் நல்லவன். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். திருவரங்குளத்தில் பிரகதீஸ்வரி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்து வைகாசியில் போன வருஷம் கல்யாணம் வைத்திருந்தோம். என் மனைவி அமிர்தவல்லிக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை மாதிரி. அவனுடைய ஒரே குறை, அவனுக்குக் கால் பிடிக்காது. எந்த வருஷமும் பிடித்ததில்லை. பவுடர் குடிக்க மாட்டான், செருப்பும் போட மாட்டான், வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பான். பக்கத்தில் நான் மெக்னீசியத்தோடு நொண்டிக்கொண்டு போவேன்.

அடுத்த யாத்திரைக்கு, அதாவது போன வருஷத்து யாத்திரைக்கு, அவன் ஆத்தாளுக்கு உப்பில்லா விரதம் இருப்பதாகக் கார்த்திகையிலேயே அறிவித்துவிட்டான். சோற்றிலும் குழம்பிலும் உப்புக் கிடையாது. அமிர்தவல்லி அவனுக்கென்று தனிச் சட்டியில் சமைத்துக் கொடுத்தனுப்பினாள். தை மாதம் பழக்கத்துக்காக நார்த்தாமலை வரை எல்லோரும் நடந்துபோனோம். உப்பே தொடாத ஆனந்தராஜ் மலையில் ஏறி இறங்கிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தான். வயிறு முட்டப் பவுடர் குடித்திருந்த எனக்கு அடிவாரத்திலேயே கெண்டைக்கால் சுருண்டுகொண்டது. இந்த முறை ஆத்தாளைக் கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுதான் என் முன்னேற்றம்.

அன்று சாயங்காலம் விசிலை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். "மாமாவுக்கு ரெஸ்ட் குடுப்போம்பா" என்று திருப்பதி சொன்னார். அவர்தான் எங்களோடு சாமான் ஏற்றி வருகிற குட்டியானை வண்டியை ஓட்டுபவர். எனக்கு அந்த வண்டியில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிற வேலை. ஆனந்தராஜ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை ஊதிப் பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது, ஐயா. நாற்பத்தெட்டு வயது ஆம்பளை ஒரு பிளாஸ்டிக் விசிலுக்காக வீட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான் என்று, பேனாவோடு உட்கார்ந்திருக்கிற இந்த அம்மா எழுதிக்கொள்ளலாம். உண்மைதான்.

யாத்திரை கிளம்புகிற அன்று அமிர்தவல்லி தம்பிக்கென்று ஒரு கேன் நிறையப் பானகம் கரைத்தாள். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. கேனை என் கையில் கொடுத்து, "இது தம்பிக்கு மட்டுந்தேன். மத்ததோட கலந்துறாதீங்க, உப்புக் கை படாமப் பாத்துக்கங்க" என்றாள். நான் அந்தக் கேனை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

என் திட்டம் எளிமையானது. வழியெல்லாம் அவனுடைய பானகத்தில் என் பவுடரைக் கலந்து கொடுப்பது. சமயபுரத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது, "இவன் கால் பிடிக்காமல் வந்து சேர்ந்தது விரதத்தால் இல்லை, என் பவுடரால்" என்று சொல்லி, மிச்சப் பாக்கெட்டுகளை எடுத்துக் காட்டுவது. சிரிப்பார்கள். இந்த முறை அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். விசில் தானாகத் திரும்பி வரும். இப்போது சொல்லும்போது கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரிகிறது. அப்போது ராஜதந்திரமாகத் தெரிந்தது.

மாத்தூரில் முதல் பாட்டிலைக் கொடுத்தேன். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னக்கிப் பானகம் தூக்கலா இருக்கு மச்சான்" என்றான். "அக்கா கைப்பக்குவம்" என்றேன். வெல்லமும் எலுமிச்சையும் எதையும் மறைத்துவிடும். வெயில் கடுமை என்பதால் அவனே கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தான். நான் ஒன்றையும் திணிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விமான நிலையத்தைத் தாண்டும்போது அவன் பாட்டை நிறுத்தியிருந்தான். காவிரிப் பாலத்தில் விசில் சத்தம் கேட்கவில்லை. கொள்ளிடம் பாலத்தில் பாதி தூரம் போனதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். கால் துவண்டுவிட்டது, தூக்கி வைக்க முடியவில்லை என்றான். குட்டியானையில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வெயில், விரதம், வெறும் வயிறு என்று நாங்களே காரணமும் சொன்னோம். மறுநாள் எரித்துவிட்டோம். மச்சான் முறைக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தேன்.

பிரகதீஸ்வரி வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். அமிர்தவல்லி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பவுடர ஒரு வாயி குடிச்சிருந்தாலும் எந்தம்பி பொழச்சிருப்பான். வெரதம் வெரதம்னு போயிட்டானே. நான்ல வாங்கிக் குடிக்க வச்சிருக்கணும்" என்று அழுதாள். அதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. என் மனைவி என் பவுடரை நம்பியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லாமல் இருந்தேன். அவள் தினமும் காலையில் தம்பி படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் பானகம் வைக்கிறாள். பூஜை முடிந்ததும் அதை எனக்குத்தான் கொடுப்பாள், நானும் குடிப்பேன்.

அப்படியே இருந்திருப்பேன். நேற்று பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். ஆனந்தராஜ் கழுத்தில் விசிலோடு சிரிக்கிறான். "உப்பின்றி நடந்து, கால் நோகாமல் அன்னையின் அடி சேர்ந்த எங்கள் ஆனந்தராஜ்" என்று எழுதியிருக்கிறது. அவன் நினைவாக இந்த வருஷம் குழுவே உப்பில்லா விரதமாம். பவுடர் வேண்டாம் என்று திருப்பதி கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் சவரம் செய்துகொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

உப்பைக் குடித்து ஆள் சாவானா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்களோ நானோ குடித்தால் ஒன்றும் ஆகியிருக்காது, கூடக்குறைய நாலு தடவை பாத்ரூம் போவோம். அவன் விஷயம் வேறு.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் ஒரு டாக்டர் சீட்டோடு வந்தான். சிறுநீரகக் கோளாறு. திருச்சியில் காட்டியிருக்கிறான்.

"அக்காவுக்குத் தெரிய வேணாம் மச்சான். தெரிஞ்சா அதுக்குச் சோறு எறங்காது. பொண்ணு வீட்டுக்கும் தெரிய வேணாம். மாத்திரய ஒழுங்காத் தின்னா வண்டி ஓடும்னு சொல்லிருக்காரு."

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"உப்பக் கொறைக்கணும். எளநி, ஜூஸு, இந்த மாதிரிப் பவுடரு எதையும் தொடவே கூடாதுன்னாரு. பொட்டாசியம் ஏறுனா நெஞ்சு நின்னுருமாம்." பிறகு என் அலமாரியைப் பார்த்துச் சிரித்தான். "ஒங்க தாய்மாமன் மகன்தேன் மச்சான்."

உப்பில்லாமல் சாப்பிட்டால் வீட்டில் ஏன் என்று கேட்பார்களே என்றேன். "ஆத்தாளுக்கு வெரதம்னு சொல்லிர்றேன். வெரதம்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். அப்புடியே ஆத்தாளும் கொஞ்சம் பாத்துக்கட்டும்" என்றான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். மாதா மாதம் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேறு யாருக்கும் தெரியாது. என்னை மட்டும்தான் நம்பினான்.

அந்தப் பாக்கெட்டின் முதுகிலேயே போட்டிருக்கிறார்கள், ஐயா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் குடிக்கக் கூடாது என்று. கடைக்கு வருகிறவர்களுக்கு அதை நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். படிக்கும்போது நானே டாக்டர் மாதிரி இருக்கும். மாத்தூரில் பாக்கெட்டைக் கிழித்தபோதும் பழக்கதோஷத்தில் ஒருமுறை படித்தேன். மனசுக்குள்தான்.

விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் அவன் வண்டிக்கு அருகில் வந்து, "மச்சான், நெஞ்சு படபடங்குது. பானகத்துல வேற எதுவும் விழுந்துருச்சா?" என்று கேட்டான். என்னைப் பார்த்துத்தான் கேட்டான். திருப்பதி டீ குடிக்கப் போயிருந்தார். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான். அதுவும் எனக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரனுக்கு அது தெரியும். நான், "வெயிலு மாப்ள, இன்னுங் கொஞ்சங் குடி, சரியாயிரும்" என்று அடுத்த பாட்டிலில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலந்து கொடுத்தேன். அவன் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி" என்றான்.

அந்த அம்மா ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்? எழுதட்டும். எழுதியதில் ஒரு இடத்தையும் நான் மறுக்கப்போவதில்லை. நான்தான் கொன்றேன். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அமிர்தவல்லியிடம் மட்டும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள், அந்த பேனரையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். மாத்தூரிலிருந்து கொள்ளிடம் வரைக்கும் அவனுக்குக் கால் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. அது விரதத்தால் இல்லை, என் பவுடரால்.