பெரியவர் இருக்கும் வளைவு

படகில் ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்துக் கேட்பது ஒராங்குட்டான் எப்போது வரும் என்று. என்னவோ நான் கூப்பிட்டால் இறங்கி வந்து கைகுலுக்கும் என்பது போல. காட்டு விலங்கு ஐயா, வந்தால் வரும். இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் ஓய்ந்துவிட்டது.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தபின் ஒராங்குட்டான்கள் காட்டுக்குள்ளே தூரமாய்ப் போய்விட்டன. ஆற்றில் நாள்கணக்கில் போயும் ஒன்றையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் என்னை ஏமாற்றுக்காரனைப் போலப் பார்ப்பார்கள். அதனால் கிளையாற்று வளைவில், ஓர் அத்திமரத்தில் வாழைத்தார் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தேன். சட்டப்படி தப்புதான். ஒரு தாயும் குட்டியும் அதற்குப் பழகிவிட்டன. என் படகுச் சத்தம் கேட்டாலே இறங்கி வரும். பார்க்கிறவர்கள் கண்கலங்கிப் போவார்கள்.

வந்தவர்களில் யாரோ ஒருவரின் சளி குட்டிக்குத் தொற்றிவிட்டது. இருமி இருமிச் செத்தது. தாய் அதை இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டே திரிந்தது.

வனக்காவலன் ஹம்தானி அதைப் பார்த்தான், மரத்தடியில் கிடந்த பழத்தோலையும் பார்த்தான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். பயணிகளோடு என் ஆட்களும் காட்டுப்பாதையில் நடக்கப் போயிருந்த நேரத்தில், தன் தோணியை அந்த வளைவிலேயே கட்டிவிட்டு என் படகில் ஏறினான். காப்பி ஊற்றி வைத்தேன்.

"மாமா, இன்னைக்கு ஆபீஸ்ல சொல்லிடப் போறேன். இந்தப் பக்கமே படகு வராம அடைக்கணும். கோவிச்சுக்காதீங்க," என்றான்.

அடைத்தால் என் பிழைப்பு அதோடு போச்சு. இந்த வயதில் நான் பனைத்தோட்டத்தில் போய்க் குலை சுமக்க முடியுமா? கோபம் வரவில்லை ஐயா, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சரிப்பா, உன் வேலையை நீ செய் என்றேன். அப்படியே, படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் பாசி சுற்றியிருக்கிறது, எனக்கு முழங்கால் மடங்கவில்லை, இறங்கி எடுத்துவிட்டுப் போயேன் என்றும் கேட்டேன்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். எங்கள் ஆறு கறுப்பு. உள்ளே இருப்பது எதுவும் தெரியாது.

"பெரியவர் இருக்காரா மாமா இங்க?" என்றான். ஆற்றின்மேல் இருக்கும்போது முதலையை நாங்கள் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை.

"இங்க ஏதுப்பா. நான் தினம் குளிக்கிற இடம்."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினான். விசிறியில் பாசி எதுவும் இல்லை. சமையலில் கழியும் கோழிக்குடலை அந்த வளைவில்தான் நான் கொட்டுவது வழக்கம். அன்று காலையும் கொட்டியிருந்தேன். பெரியவரும் என் படகுச் சத்தத்துக்குப் பழகியவர்தான். தண்ணீர் ஒரு முறை புரண்டது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அவன் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தேன்.

துக்க வீட்டில் அவன் மனைவி ருஸ்மினா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டாள். "மாமா, நீங்க குடிக்க ஏதாச்சும் குடுத்தீங்களா? தொட்டாரா?" எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். கொடுத்ததைச் சாப்பிட நேரமில்லை என்றாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தொடாமல் போனவனை ஆறு விடாது.

"காப்பி வெச்சேன்மா. அவசரமாப் போயிட்டான், தொடல," என்றேன்.

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்குமேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, விசாரிக்க வந்த நீங்கள்கூடக் கேட்கவில்லை. ஆனால் அன்று அவனைச் சீக்கிரம் வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பியது ருஸ்மினா. அந்த அவசரம்தான் புருஷனைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு பட்டினி கிடக்கிறாள். மாமியார் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சோறும் மீனும் கொண்டுபோய் வைத்தேன். விரலால் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவன் தொட்டான் ஐயா. விரலை முக்கி நாக்கில் வைத்து, "சீனி ஜாஸ்தி மாமா" என்று சிரித்துவிட்டுத்தான் இறங்கினான். யாரையாவது அனுப்பி அவளிடம் சொல்லுங்கள், சாப்பிடட்டும். நான் பொய் சொன்னது தப்பு, அதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் முதலை செய்தது.