தோல் பதனிடப்படுகிறது

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காது மட்டும் நன்றாகக் கேட்கும். ரயிலில் எதிரே ஒரு வாத்தியார் தேச சரித்திரப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார்.

“ஆம்பூரில் தோல் பதனிடப்படுகிறது.”

அவர் பக்கத்தில் இருந்தவர் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்காரர், விரலெல்லாம் பட்டைக்கறை.

“இன்னா வாத்தியாரே, தோலு தானா பதமாவுதா? யாரு பண்றாங்கன்னு போடலியா?”

“போடலப்பா.”

“எம் பொஞ்சாதி ஆயுசெல்லாம் தோலு ஊறப்போட ஆவாரம்பட்டை இடிச்சா. போன மாசம் செத்துப்போய்ட்டா. அவளப் பத்தி ஒரு வரிகூட இல்லியா?”

வாத்தியார் பென்சிலை எடுத்தார்.

“பேரைச் சொல்லு. ஓரத்துல எழுதறேன்.”

“கன்னியம்மா” என்றவர், சட்டென்று அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்து மறைத்தார்.

“வேணாம் வாத்தியாரே. நான் ஆம்பூர்ல எறங்கிடுவேன். அவ புத்தகத்தோட உங்ககூடப் போய்டுவா.”