குருவின் வாயில் ஒரு காசு

– வாயில காசு இருக்கே அம்மா! யாரு வெச்சது?

– சத்தம் போடாதே, டெலேசா. செத்தவரைப் பார்க்க வந்த இடத்துல வாய்க்குள்ளயா எட்டிப் பார்ப்பே?

– தாடை விலகியிருக்கு, பளிச்சுன்னு தெரியுது. செத்தவங்களை ஆத்தைக் கடத்தி விடற படகுக்காரனுக்குக் கூலிதானே இது? நாப்பது வருஷமா குரு என்ன சொல்லிக் கத்தினாரு? செத்தா ஆறும் கிடையாது, அக்கரையும் கிடையாது, படகுக்காரன்னு எவனும் கிடையாதுன்னுதானே?

– கத்தினார். பக்கத்துல படுத்துக் கேட்டவ நான்.

– ஏதென்ஸே சிரிக்கும். வாசல்ல தண்ணிக் குடத்துக்கிட்ட போட்டித் தத்துவப் பள்ளிக்காரங்க நாலு பேர் நிக்கறாங்க. அடுத்து உள்ள வரப்போறது அவங்கதான். இதைப் பார்த்தாங்கன்னா நம்ம பள்ளியை இன்னியோட இழுத்து மூட வேண்டியதுதான்.

– மூடினா நல்லது. நீயாவது ஒரு வேலைக்குப் போவே.

– விளையாடாதீங்க. நான் ஒரு மாசம் மெகாராவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இப்படியா? நீங்கதானே வெச்சீங்க?

– நானா? அவர் பேச்சு எனக்கும் மனப்பாடம்ப்பா. தேன் அப்பம்கூட வைக்கலை பாரு. அந்த உலகத்து வாசல்ல நாய் இருந்தா பட்டினி கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

– அப்போ இது எப்படி… அட, எனக்கு ஏன் தோணலை! சந்தைக்குப் போறப்ப சில்லறையைக் கன்னத்துல அடக்கிக்கிட்டுத்தானே எல்லாரும் போறோம்? இப்பவே என் வாயில ரெண்டு கிடக்கு.

– அதான் வந்ததுலேர்ந்து கொழகொழன்னு பேசறியா?

– குருவும் அப்படித்தான் கிளம்பியிருப்பாரு. கிளம்பின இடத்துலயே உயிர் போயிருக்கு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. இரங்கல் பேச்சுல இதையே சொல்லிடறேன். கடைசி நிமிஷம் வரைக்கும் சாவை நினைக்காத மனுஷன், வெங்காயம் வாங்கற காசோட போனாருன்னு.

– நல்லாத்தான் இருக்கு. கேக்கறவங்க அழுவாங்க.

– இதோ, எடுத்துட்டேன். பிடிங்க.

– எனக்கு வேண்டாம். இருந்த இடத்துலயே வெச்சிட்டு, இந்தத் துணியால தாடையை இறுக்கிக் கட்டு. அவர் படுக்கையை விட்டு எழுந்தே ஒன்பது நாளாச்சு. இன்னிக்கு விடியற நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எனக்கு ஒரு காசு குடு, பசங்ககிட்ட சொல்லிடாதே’ன்னார்.