ஐந்தாம் கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் பரசுராமன் அவர்களே, துணைத்தலைவர் சுப்பராயன் அவர்களே, வல்லக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் ஒலிபெருக்கித் தொழில் தோழர்களே, ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருக்கும் தொழிற்சாலை நண்பர்களே, எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் இருக்கும், நம் முனிரத்தினத்தின் துணைவியார் சகோதரி லீலா அவர்களே, உங்கள் அனைவருக்கும் தணிகாசலத்தின் வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் செயலாளராக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். மைக் கிடைத்தால் இவன் விடமாட்டான் என்று நீங்கள் என்னைக் கேலி பேசுவதும் எனக்குத் தெரியும். இன்றைக்கு இந்த மைக்கைத் தொடவே கை கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதைச் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை. தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் முனிரத்தினம், பேஸ் என்கிற அடிச்சத்தத்தை அவரைப் போல யாராலும் கொண்டுவர முடியாது என்பதால் நாம் எல்லோரும் 'பேஸ் முனிரத்தினம்' என்று அழைத்த அந்த மனிதர், பதினாறு நாளுக்கு முன்னால் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. சாகிற வயதா அது? கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய மனிதரா அவர்?

அவருடைய கைத்திறனை இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். மூடிப்போன டாக்கீஸ்களிலிருந்து பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை எடுத்து வருவார். பதினைந்து அங்குலக் காகிதக் கூம்பு, பதினாறு ஓம், தாங்கும் சக்தி இருபதே வாட். நாங்கள் சிரிப்போம். நாங்கள் ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, இதில் இவர் இன்னா பண்ணப்போறாரு என்று பேசிக்கொள்வோம். ஒரு முறை ஒரகடத்தில் ஒரே தெருவில் இரண்டு கல்யாணம். ஒன்றில் என் செட், இன்னொன்றில் அவர் செட். என் பந்தலில் தவிலின் வலப்பக்கம், வலந்தலை மட்டும் காதைக் கிழித்தது. அவர் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கும் இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் வயிற்றில் வந்து விழுந்தது. என் பந்தல் கல்யாணத்தார் இலையை விட்டு எழுந்துபோய் அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்.

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "தணிகா, பழைய ஸ்பீக்கர் லேசான கூம்பு. உன் புது ஆம்ப்ளிஃபயர் அத்த கெட்டியா புடிச்சிக்குது. ஊஞ்ச கயித்த புடிச்சிக்கினே தள்ளுனா ஆடுமா? பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்னா தள்ளிட்டு வுட்டுடும். அப்பதான் பேஸ் வரும்."

இவ்வளவுதான். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டிக்கேற்ற ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திவிட்டு, கூம்புக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழை மெல்லத் திருகுவார். கைக்கு வரும் காற்று நடுங்குகிற இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை பின்னால் வருவார். குமிழைச் சுற்றிப் போட்டிருக்கும் கோடுகளில் அந்த இடத்தில் லீலா அவர்களின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பார். அவரைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டோம். அதைச் சங்க விதியாகவும் ஆக்கினோம். குமிழ் புள்ளிக்குள் இருக்கும்போது ஸ்பீக்கர் எரிந்தால் பொருத்தியவர் பொறுப்பு. புள்ளியைத் தாண்டி எரிந்தால் குமிழைத் திருகியவர் பொறுப்பு. அந்த விதியை எழுதிய பேனா என்னுடையது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், இதே மண்டபத்தில், நம் சங்கத்தின் வெள்ளி விழா. உங்களில் பாதிப் பேர் இருந்தீர்கள். பகல் மூன்று மணி. முனிரத்தினம் காலையிலிருந்து சாப்பிடவில்லை. "தணிகா, செட்ட பாத்துக்க. ரெண்டு வாய் சாப்புட்டு வந்துடறேன். புள்ளிய மட்டும் தாண்டாத" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

நம் விருந்தினர்களாக வந்த தொழிற்சாலை இளைஞர்கள் ஆடத் தொடங்கினார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த மாரிசெல்வம் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, சவுண்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சுல இடிக்க மாட்டேங்கு. கொஞ்சம் கூட்டி வைங்களேன்" என்றார். மாரிசெல்வம் இதோ ஐந்தாவது வரிசையில் இருக்கிறார். தம்பி, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். கேட்டது மட்டும்தான் நீங்கள். முடியாது என்று சொல்ல வேண்டியவன் நான். செயலாளர் கையில் செட் இருக்கும்போது பேஸ் பத்தவில்லை என்று ஒருவர் சொல்லலாமா? எனக்குப் பொறுக்கவில்லை. புள்ளி ஐந்தாம் கோட்டுக்குச் சற்று முன்னால் இருந்தது. ஆறில் வைத்தேன். விசில் அடித்தார்கள். ஏழில் வைத்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் காந்தல் வாடை வந்தது. பிறகு ஒரு பெட்டி ஊமையாகிவிட்டது.

தோழர்களே, இதுவரை நான் செய்தது தவறு. ஆர்வக்கோளாறு என்று நீங்கள் மன்னித்திருப்பீர்கள். அடுத்து நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

எல்லோரும் ஊமையான பெட்டியைச் சுற்றிக் கூட்டமாக நின்று என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நான் மட்டும். மேஜையில் என் மகள் கலைமதியின் கைப்பை. அதில் நெயில் பாலிஷ் இருந்தது, அதை அழிக்கிற மருந்தும் இருந்தது. முனிரத்தினம் வைத்த புள்ளியைக் கைக்குட்டையால் துடைத்தேன். ஏழாம் கோட்டுக்கு மேல் புதிதாக ஒன்று வைத்தேன். வாயால் ஊதி உலர்த்தினேன். ஆமாம், ஊதினேன். அந்த ஊதல்தான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

முனிரத்தினம் ஈரக் கையோடு ஓடி வந்தார். குமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "புள்ளிக்குள்ளதான கீது முனி? அப்போ உன் மேட்சிங்தான் தப்பு" என்றார். தலைவர் கண்ணால் கண்டதைச் சொன்னார், அவர் மீது குற்றமில்லை. முனிரத்தினம் "சரிண்ணா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இனி முனிரத்தினம் செய்யும் ஆம்ப்ளிஃபயர் பொருத்தத்தைச் சங்கம் ஏற்காது என்று தீர்மானம் போட்டோம். அதை எழுதியதும் நான்தான். அவர் ஆண்டுதோறும் செய்துவந்த திருவிழா வேலைகள் அவரை விட்டுப் போயின. எங்கே போயின? என்னிடம்தான் வந்தன. அவர் ஒரகடத்தில் கார் ஸ்பீக்கர் செய்யும் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். லைனில் வரும் ஸ்பீக்கர்களைக் காதில் கேட்டு, கரகரப்பு உள்ளதைத் தள்ளி வைக்கும் வேலை. அவருடைய சூப்பர்வைசர் அமலா இங்கே வந்திருக்கிறார். அடக்கத்தன்று அவர் என்னிடம், "சார் தள்ளுன பீஸ மெஷின்ல போட்டா, அதுவும் தள்ளும் சார். ஒருநாளும் மாறுனதில்ல" என்றார். அந்தக் காதைத்தான் நாம் தப்பென்று எழுதி வைத்தோம்.

போன வாரம் இந்தக் கூட்டத்துக்காக அவருடைய செட்டையே வாங்கி வைக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். எரிந்த ஸ்பீக்கருக்கு லீவு நாளில் தானே புதுக் கம்பிக் காயில் சுற்றிச் சரிசெய்து வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் மீது மூடியிருந்த துணியை லீலா எடுத்தார்கள். நான் வைத்த புள்ளி ஏழாம் கோட்டுக்கு மேல் அப்படியே இருந்தது. ஆறு ஆண்டுகளாக அவர் அதைத் துடைக்கவில்லை.

லீலா சாதாரணமாகச் சொன்னார்கள்: "இந்தப் புள்ளி எங்க வூட்டுதில்லண்ணா. நான் மெரூன்தான் வெச்சிக்குவேன். இது ரோஸு. அன்னிக்கே வந்து சொன்னாரு."

"யார்கிட்டயும் ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நானும் அதான் கேட்டேன். தணிகா வந்து சொல்லுவான், அவனா சொன்னாதான் சரின்னாரு. தெருவுல உங்க வண்டி சத்தம் கேட்டா எட்டிப் பாத்துக்கினே இருப்பாருண்ணா."

அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் கடைக்குப் போகிறேன். ஆறு ஆண்டுகள் போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டியை நிறுத்தியிருக்கக் கூடாதா? அவர் உயிரோடு இருந்தபோது சொல்லாததை, அவர் கேட்க முடியாத நாளில் மைக் வைத்துச் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. அவர் படத்துக்கு மாலை போட்ட கையைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தை இந்தக் கூட்டத்திலேயே ரத்து செய்து, என்ன நடந்தது என்பதை என் பெயரோடு எழுத வேண்டும். செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டேன். உறுப்பினனாக வைத்திருப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வைத்திருந்தால், இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் முனிரத்தினத்தின் முறைப்படி, வாட்டைப் பார்க்காமல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஆம்ப்ளிஃபயர் பொருத்துவேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இப்போது நீங்கள் என் குரலைக் கேட்பது அந்தப் பெட்டிகளில்தான். இத்தனை நேரம் என் பக்கத்தில் நிற்பதும் அந்த ஆம்ப்ளிஃபயர்தான். ரோஸ் புள்ளியை உங்கள் முன்னாலேயே துடைக்கிறேன். இதோ, போய்விட்டது. அவர் வைத்த சரியான இடம் எது என்று உலகத்தில் இப்போது தெரிந்தவன், அதை அழித்த நான் ஒருவன்தான்.

சகோதரி லீலா, உங்கள் மெரூன் பாட்டிலைக் கொண்டு வந்திருக்கிறீர்களா? மேடைக்கு வாருங்கள் அம்மா. நான் இடத்தை மட்டும் காட்டுகிறேன். புள்ளியை நீங்கள் வையுங்கள்.