ஏணி உச்சியில் ஒரு துணி

வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். ஆனால் தையல்கார அக்காவின் கடையில் விற்காமல் கிடந்த சிவப்புத் துணியை ஒரு முழம் கிழித்து நனைத்துப் பார்த்தோம், சாயம் இறங்கவில்லை. தேர்தலில் சுயேச்சையாக நிற்பவளுக்குக் கட்சி நிறம் கிடையாது. அதனால் அதையே என் நிறமாக வைத்துக்கொண்டேன். இதில் திட்டம் எதுவும் இருக்கவில்லை. இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

பத்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்திருக்கிறேன். முதல் ஐந்து வருடம் என் நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் அலமாரிக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பேன். அவர் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஊரில் எனக்கு வைத்த பெயரே ‘கையெழுத்து’. "கையெழுத்து வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தது தண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்காக மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஐந்து தெருக்களிலும் குழாயில் தண்ணீர் வந்த அன்று பழைய பெயர் போய், தண்ணியம்மா ஆனேன். அதற்காகத்தான் சட்டமன்றத்துக்கு நிற்கச் சொன்னார்கள். பிரச்சாரத்தில் சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அது போனால் நான் மறுபடி பெஞ்சுக்குப் போகவேண்டும். என் கணவர் அவ்வப்போது வந்து அந்த நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான், பழக்கதோஷம்" என்பார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நாக்கு கொஞ்சம் திக்கும். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தொட்டி கழுவும் நாளில், தண்ணீர் கலங்கும் நாளில், தொட்டியில் ஏறும் ஏணியின் உச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும். துணி இருந்தால் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், குடிக்கக் கூடாது. குடிக்கப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்.

வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் ஒரு பாட்டிலோடு வந்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பெரிய தெருவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டதாம். தெருவைத் தோண்டிச் சரிசெய்ய நான்கு நாளாகுமாம்.

"கு... குடிக்கிற தண்ணி இல்லம்மா இது. துணி கட்டிட்டேன்."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏணி உச்சியில் ஒரு துண்டுச் சிவப்பு. கீழே தெரு முழுக்க என் கொடிகள். எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: அது கொடிகளோடு நன்றாகச் சேர்ந்திருந்தது.

தேர்தல் முடிந்ததும் தோண்டலாம், அதுவரை துணியைப் பார்த்து ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள் என்றேன். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிரச்சார வண்டியில் என்னோடு வரச் சொன்னேன், நமக்குத் தண்ணீர் விடுகிறவர் என்று வெளியூர்களில் காட்டுவதற்கு. மோட்டாரைப் போட என் கணவரை வைத்தேன். தண்ணீர் கெட்டது அவருக்குத் தெரியாது. ராத்திரியும் வண்டியோடு வெளியூரிலேயே தங்கிய அண்ணன் தினமும் ஒரு தடவை என்னைக் கேட்பார்.

"து... துணி தெரியுமில்ல அங்க?"

"நல்லாத் தெரியும்ணே."

அவர் பாட்டிலோடு வந்த அன்று சாயங்காலமே ஏணியில் கீழிருந்து மேல்வரை இருபது கொடி கட்டச் சொல்லியிருந்தேன். ஏற்கெனவே இருப்பதை அவிழ்க்கக் கூடாது என்றும் சொன்னேன். கட்டினவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மறுநாள் தையல்கார அக்கா கடைசிக் கட்டுக் கொடிகளோடு வீட்டுக்கு வந்தாள். என் கல்யாண ரவிக்கையைத் தைத்தவள். நான் பெஞ்சில் இருந்த காலத்தில் என்னைக் கையெழுத்து என்று ஒரு நாளும் கூப்பிடாதவள்.

"ஏணில இருக்கிறதெல்லாம் நீ கட்டினதா, இல்ல தொட்டிக்காரர் கட்டினதும் இருக்கா? மக கைக்குழந்தையோட வந்திருக்கா, அதான் கேக்கறேன்."

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அதன்பிறகு பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். அவள் கட்டை இறக்கிவைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் நேரம். அதற்குள் இவளிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஐந்து தெருவுக்கும் தெரியும் என்று நினைத்தேன். நாளைக்கு எதிராளியின் ஒலிபெருக்கியில் வரும் என்று நினைத்தேன். துண்டால் தட்டிய நாற்காலியையும் நினைத்தேன்.

"எல்லாம் நம்மதுதான்க்கா."

"அப்ப சரி. ஒரு சொம்பு தண்ணி குடு, நாக்கு வறளுது."

என் வீட்டில் அந்த வாரம் கடையில் வாங்கிய கேன் தண்ணீர்தான். வேட்பாளருக்குத் தொண்டை முக்கியம் என்று சொல்லியிருந்தேன். அதிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்த் தண்ணீரை என் கையால் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வாந்தி ஆரம்பித்தது. வெயில் என்றார்கள். நானும் வெயில் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாக நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லலாம் என்று வாயெடுப்பேன். முதல் நாளே சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று மூடிக்கொள்வேன். இன்னும் இரண்டு நாள்தானே என்றிருந்தேன், பிறகு ஒரு நாள்தானே என்று.

குழந்தை வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் போனது. மறுநாள், வாந்தியில் தளர்ந்துபோயிருந்த அக்கா, அழுது முகம் வீங்கிய மகளின் தோளில் சாய்ந்துகொண்டு சாவடிக்கு வந்தாள். மை வைத்த விரலை எனக்குத் தூக்கிக் காட்டினாள்.

"நீயாவது ஜெயிக்கணும்டி," என்றாள்.

ஜெயித்தேன். முந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசம். அது அறிவிக்கப்பட்டபோது அவள் இல்லை. அவளைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. எவ்வளவு தேய்த்தும் அந்த மை போகவில்லை. கீழத்தெருவில் இன்னும் இரண்டு பேர்.

நேற்று அண்ணன் தானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, தவறு தன்னுடையது, இன்னும் பெரிய துணியாகக் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். அவரை விட்டுவிடுங்கள். தண்ணீர் கெட்டது எனக்குத் தெரியும். அவர் துணியை மறைக்கத்தான் என் கொடிகளைக் கட்டினேன். கேட்டவளிடம் பொய் சொன்னேன். நான்கு பேரையும் கொன்றது நான்தான்.

ஆனால் அந்தத் துணியை நான் தொடவில்லை. இப்போது போனாலும் ஏணி உச்சியில் அது இருக்கும். பழைய புடவைக் கிழிசல், ஓரத்தில் ஒரு தையல் விட்டிருக்கும். கொஞ்சம் நின்று, நிமிர்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.