பெயர் பதியாத எண்கள்

லோன் வேண்டுமா என்று போனில் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அது அவர்கள் வேலை. நானும் முப்பத்தொரு வருடம் டெலிபோன் இலாகாவில் இருந்தவன். ஆனாலும் ஒரு பகலில் பதினோரு தடவை மணி அடித்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் யாருக்கு இந்தத் தொல்லை என்றாலும் போனை என்னிடம் கொண்டு வருவார்கள். 1909 என்ற எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் பாதி நிற்கும். மீதி, சாதாரண செல் நம்பர்களிலிருந்து வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் தடுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் போனிலேயே ஒரு வசதி இருக்கிறது. நாம் பெயர் பதிந்து வைக்காத எண் எதிலிருந்து அழைப்பு வந்தாலும் மணி அடிக்காது. அழைத்தவருக்குப் போய்ச்சேராது, நமக்கும் தெரியாது. தடுத்த அழைப்புகள் என்ற பட்டியலில் எண் மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சேதுபதி கடிதம் போட்டிருக்கிறார். என் மகளைக் கட்டியவர். அவர் ஒரு கேள்வி கேட்பார். பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாயால் சொன்னால் முன்பின்னாக வந்துவிடும்.

என் மனைவி நாகம்மை எந்த அழைப்பையும் விடமாட்டாள். மானகிரிப் பக்கம் பிளாட் என்பான், கேட்பாள். கிரெடிட் கார்டு என்பாள் ஒருத்தி, அதையும் கேட்பாள். பதிவு செய்த குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லி முடிக்கும் வரை காதில் வைத்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் போன்தான். நிறுத்தித் தருகிறேன் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

“வேணாங்க. பாவம், அவுகளும் பிழைக்கணும்ல” என்பாள்.

வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஒரே மகள் விசாலி நான்கு வருடத்துக்கு முன்னால் திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் சேதுபதியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் ஆட்களில்லை. எங்களில் கோவிலிலிருந்து மாலை வந்தால்தான் அது கல்யாணம். அது வரவில்லை. இருவரும் வாசலில் வந்து நின்றபோது நான் சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிற ஆளில்லை. “இனி நீ இங்குட்டு வந்தா, அன்னைக்கே உங்க ஆத்தாளும் அங்குட்டுக் கிளம்பிற வேண்டியதுதான்” என்று மட்டும் சொன்னேன். விசாலி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். ஆத்தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றே அவள் எண்ணை இரண்டு போன்களிலும் தடுத்து, அழித்தும் விட்டேன்.

போன தை மாதம் ஒரு காலையில் சந்தைக்குக் கிளம்பியவன் பையை மறந்து பாதி வழியில் திரும்பினேன். நாகம்மை வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் தூணில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

“கால் வீங்குதா? உப்பைக் கொறச்சுக்க. எட்டாம் மாசம் பொறந்ததும் வந்துரு, தலைப்பிரசவத்துக்கு நான் இல்லாம எப்படி? இடமெல்லாம் பாத்து வச்சுட்டேன். பஸ் ஸ்டாண்டுல எறங்குன உடனே ஆருகிட்டயாச்சும் போனை வாங்கி எனக்கு அடி. நான் வந்து கூட்டிக்கிறேன். வீட்டுக்கு மட்டும் வந்துராத ஆத்தா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விசாலி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளிடம் போன் வாங்கிப் பேசுகிறாள். எந்த எண்ணில் வருவாள் என்று தெரியாது. அதனால்தான் நாகம்மை ஒரு அழைப்பையும் விடுவதில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பிளாட் விற்கிறவனையும் கடன் கொடுக்கிறவளையும் அவள் பொறுத்துக்கொண்டது மகளுக்காக. எனக்கு அது வலித்தது. முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “லோனுக்குப் பேசுறாக” என்றாள்.

“அப்படியா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, அந்த வசதியை அவள் போனில் போட்டுவிட்டேன். அவள் திருப்பி அடிக்க முடியாதபடி பழைய அழைப்புகளையும் அழித்தேன். இரண்டு நிமிட வேலை. தெருவில் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்ததுதான்.

வீடு அமைதியாகிவிட்டது. நாகம்மை முதல் நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் போனைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு வாரம் கழித்து, “உங்க போன்லருந்து எனக்கு ஒரு தடவை அடிங்களேன்” என்றாள். அடித்தேன். மணி அடித்தது. என் பெயர் பதிந்திருக்கிறதே.

“வருதே” என்றாள்.

“வருது” என்றேன்.

அதன் பிறகு தினமும் ஒரு தடவை அப்படிக் கேட்பாள். நானும் அடித்துக் காட்டுவேன். மணி ஓயும் வரை திரையையே பார்த்துக்கொண்டு இருப்பாள், எடுக்கமாட்டாள்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை நாகம்மை போனில், தடுத்த அழைப்புகள் பட்டியலில் ஒன்பது அழைப்புகள் இருந்தன. ஒன்பதும் ஒரே எண். மாலையில்தான் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வருவது இந்த விற்பனைக்காரர்கள் வழக்கம்தான்.

ஆறு மணிக்குச் சேதுபதி என் போனில் கூப்பிட்டார். “மாமா, விசாலிய மதுரைக்குக் கொண்டு போறாக. ரத்தம் நிக்கலை. நான் திருப்பூர்லருந்து வந்துக்கிட்டிருக்கேன். அத்தைய மட்டும் அனுப்பி வைங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்” என்றார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் பகல் மூன்று மணிக்கு மெசேஜ் வந்தது. விசாலி போய்விட்டாள். பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. அத்தையிடம் சொல்லுங்கள்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் குளிக்க வேண்டும். எழுந்து போய்க் கிணற்றில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

“என்னங்க, மூணு மணிக்குத் தலை முழுகுறீக?” என்றாள் நாகம்மை.

“வேர்த்துக் கொட்டுது” என்றேன். துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவள்தான் முதுகு துவட்டினாள்.

அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் அந்தத் தடையையும் அந்த வாரமே எடுத்துவிட்டேன். இனி அதற்குத் தேவை இல்லை. நான் காரணமில்லாமல் யாரையும் கஷ்டப்படுத்துகிறவன் அல்ல.

ஆனால் அதில் ஒரு சிக்கல். அழைப்புகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டன. மணி அடித்ததும் நாகம்மை எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள். எடுத்ததும் பேசுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். பிறகு தாழ்ந்த குரலில் “சொல்லு ஆத்தா” என்கிறாள். அந்தப் பக்கம் பிளாட். “ம்” என்று சொல்லி முழுவதும் கேட்டுவிட்டு வைக்கிறாள். ஒரு பகலில் பதினோரு தடவை. நான் எந்த அறையில் இருந்தாலும் அந்த “சொல்லு ஆத்தா” கேட்கிறது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். கோவிலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன், அங்கேயும் கேட்டது. மறுபடியும் தடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை அவள் போனைக் கையில் எடுத்தேன். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உள்ளறைப் பெட்டியில் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, துவைத்து, குழந்தைத் துணியாக மடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் அதை வெயிலில் காயப்போட்டு மறுபடி மடித்தாள்.

அந்த ஒன்பது அழைப்புகள் வந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சித்திரையில் ஒருநாள் அந்த எண்ணுக்கு நானே அடித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடை வைத்திருக்கிற பெண் எடுத்தாள்.

“அந்தப் புள்ளைத்தாச்சியா? எங்கிட்டதான் போனு கேட்டுச்சு. ‘இன்னும் ஒரே ஒரு தடவைக்கா, எங்க ஆத்தா எடுத்துருவாக’ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வீடு எங்கனன்னு கேட்டா வாயே தெறக்கல. ஆட்டோ வைக்கவான்னேன், வேணாம்னுருச்சு. ஒன்னேகாலுக்கு அப்படியே சரிஞ்சுருச்சு. நான்தான் ஆம்புலன்சுக்கு அடிச்சேன். புள்ள நல்லா இருக்குதாங்க? நீங்க ஆரு?”

“கம்பெனியிலருந்து பேசுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த ஐந்து மாதமாகச் சேதுபதி ஒன்றும் கேட்கவில்லை. நாகம்மை வேண்டுமென்றேதான் போனை எடுக்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். இப்போது கடிதத்தில் எழுதியிருக்கிறார்: “அத்தை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டால் போதும். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.” நியாயமான கேள்வி. அதற்குத்தான் இத்தனையும் எழுதினேன். எடுக்காதது அவள் குற்றமல்ல. போனில் ஒரு வசதி, அவ்வளவுதான்.

ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பட்டியலை மாலையில் பார்த்ததாக மேலே எழுதிவிட்டேன். அது சரியல்ல. பன்னிரண்டு மணிக்கே பார்த்தேன். நாகம்மை சமையலறையில் இருந்தாள். அவள் போன் என் கையில் இருந்தது. மணி அடிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. பன்னிரண்டு இருபதுக்கு ஒரு மெசேஜ் வந்தது. “ஆத்தா, விசாலி. பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். ரத்தம் போகுது. பயமா இருக்கு. சீக்கிரம் வா.” படித்துவிட்டு அழித்தேன். ஸ்கூட்டரில் போனால் பஸ் ஸ்டாண்டு பத்து நிமிடம்.

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டேன். பகலில் எங்கள் வீட்டில் அந்தக் கதவை அடைக்கிற வழக்கமே இல்லை.

“கதவை ஏன் அடைச்சீக?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“தெருவுல ஒரே தூசி” என்றேன். இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இருந்தாலும் சேதுபதியிடம் ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அன்றைக்கு விசாலி நேரே வந்து கதவைத் தட்டியிருந்தால், நான் பெற்ற தகப்பன், திறந்திருப்பேன்.